உச்சிவேளை விருந்தாளிகள்

ஊரை விட்டு வந்தவர்களிடம் எதற்காக ஏங்குகிறீர்கள் என்று கேட்டால் ஏரிக்கரை, தேர்த் திருவிழா, அம்மாவின் கைமணம் என்று வரிசையாகச் சொல்வார்கள். எனக்கும் அவையெல்லாம் உண்டு. ஆனால் பல ஆண்டுகள் நகரத்தில் கழித்த பிறகும் கண் தானாக வானத்தில் தேடுவது கழுகைத்தான். கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும் பருந்தைச் சொல்லவில்லை. செத்த மாட்டை இறங்கித் தின்று தீர்க்கும் பிணந்தின்னிக் கழுகைச் சொல்கிறேன். பாறு என்று சங்கப் பாட்டுகளின் போர்க்களங்களில் வட்டமிடும் அதே பறவை.

நான் வளர்ந்தது திருக்கழுக்குன்றத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் அந்த மலையைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கள் களத்துமேட்டிலிருந்து பார்த்தால் வேதகிரீஸ்வரர் கோயில் கோபுரம் மலை உச்சியில் தெரியும். நால்வரும் பாடிய தலம். பட்சி தீர்த்தம் என்றும் பெயர். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே பறந்துபோகும் இரண்டு முனிவர்கள் கழுகு வடிவில் தினமும் இங்கே இறங்கி உணவு கொள்கிறார்கள் என்பது தலபுராணம். அதை நாங்கள் கதையாகக் கேட்டு வளரவில்லை. ஐநூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, கண்ணால் பார்த்து வளர்ந்தோம்.

உச்சிவேளை நெருங்கும்போது மலைமேல் பாறையில் கூட்டம் சேர்ந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் நிழல் தேடி ஒதுங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உணவு படைக்கும் பெரியவர் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு பாறையில் உட்கார்ந்திருப்பார். நெய் வாசனை வெயிலில் பரவும். யாரோ ஒருவர், “அதோ, சாமிங்க வந்துட்டாங்க!” என்பார். முதலில் ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று. இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல், காற்றிலேயே சரிந்து, பாறை விளிம்பில் வந்து இறங்கும்.

பக்கத்தில் பார்த்தால் அது அழகான பறவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அழுக்கேறிய வெள்ளை உடம்பு, இறக்கை ஓரங்களில் கறுப்பு. முகத்தில் இறகே கிடையாது. கஸ்தூரி மஞ்சளை அரைத்து அப்பியதுபோல இருக்கும். மெல்லிய நீண்ட அலகு நுனியில் மட்டும் கொக்கியாக வளையும். பின்கழுத்தில் இறகுகள் சிலிர்த்து நிற்கும். காக்கையைப்போலத் தத்தாது; கால் மாற்றிக் கால் வைத்து, நிதானமாக, தனக்கு உரிமையான இடத்துக்கு வருகிற பெரிய மனிதரின் நடையில் வரும். பாத்திரத்தில் அலகை வைத்துத் தின்னும். தின்று முடித்ததும் அலகைப் பாறையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொள்ளும். அப்புறம் விளிம்புக்கு நடந்துபோய்ச் சும்மா சாயும், காற்று ஏந்திக்கொள்ளும். மீதிப் பொங்கல் எங்களுக்குப் பிரசாதம். அது மஞ்சள்முகப் பாறு என்பதும், வட இந்தியா முதல் ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா வரை அதே இனம் பரவியிருக்கிறது என்பதும் நான் வளர்ந்தபின் படித்துத் தெரிந்துகொண்டவை.

இரண்டே இரண்டு பறவைகள் இத்தனை தலைமுறையாக வந்ததில் இயற்கையின் ஒழுங்கு ஒன்றும் இருக்கிறது. இந்த இனம் ஜோடியாக வாழும், தன் எல்லையை விடாமல் பிடித்திருக்கும், நெடுநாள் வாழும். வளர்ப்பில் முப்பது ஆண்டுகளைத் தாண்டியவை உண்டு. ஒன்று இறந்தால் இன்னொன்று ஜோடி சேரும். உணவு கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் குஞ்சு பெரிய பறவைகளைப் பார்த்துக் கற்றிருக்கலாம். ஒரு பக்கம் பறவை இப்படித் தன் வழக்கத்தைக் கைமாற்றியது. இன்னொரு பக்கம் மனிதர்கள் பாத்திரத்தைக் கைமாற்றினார்கள். இந்த இரண்டு சங்கிலிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளைக் கடந்தன என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஒரு காட்டுப் பறவையோடு இவ்வளவு நீண்ட, இவ்வளவு ஒழுங்கான உறவை வைத்திருந்த ஊர் எங்களுடையது.

மலையில் வந்தவை தெய்வம். ஏரிப் புறம்போக்கில் வந்தவற்றுக்கு அந்த மரியாதை இல்லை. ஆனால் என் ஏக்கத்தில் பெரிய பங்கு அவற்றுக்குத்தான்.

எங்கள் ஊரில் மாடு செத்தால் சுடுகாட்டுக்கு அப்பால், ஏரிக்கரைச் சரிவில் கொண்டுபோய்ப் போடுவார்கள். தோல் உரிக்கிறவர்கள் வேலையை முடித்து நகர்ந்ததும் வானம் நிறையத் தொடங்கும். மேலே ஒன்று கண்டுகொண்டு கீழே சரிந்தால், தொலைவில் வட்டமிடும் இன்னொன்று அதைப் பார்த்துத் திரும்பும். அதைப் பார்த்து வேறொன்று. மோப்பத்தில் வருவதில்லை, ஒன்றின் கண்ணை ஒன்று நம்பி வருகின்றன. இப்படித்தான் அரை மணி நேரத்தில் எங்கிருந்தோ நாற்பது ஐம்பது வந்து இறங்கிவிடும். பெரும்பாலும் வெண்முதுகுப் பாறுகள். விரித்தால் ஆள் உயரத்தைத் தாண்டும் இறக்கை. மயிரற்ற கறுத்த கழுத்து. திரும்பிப் பறக்கும்போது முதுகின் அடிப்பகுதியில் பளிச்சென்று வெள்ளை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சீறி, கிறீச்சிட்டு, தலையை உள்ளே விட்டுத் தின்னும். கழுத்தில் இறகில்லாததன் பயன் அப்போது தெரியும்.

என் பெரியப்பாவிடம் ஒருமுறை, “நாத்தம் அடிக்காதா பெரியப்பா?” என்று கேட்டேன். “எதுக்கு அடிக்குது? பொழுது சாயறதுக்குள்ள எலும்புதான் கெடக்கும். வேலக்காரனுங்கடா அவனுங்க. கூலியும் கேக்கமாட்டானுங்க” என்றார். அவர் சொன்னபடியே நடக்கும். மறுநாள் எலும்பு பொறுக்கும் ஆட்கள் சாக்கோடு வந்து வெள்ளை எலும்புகளை அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தச் சரிவில் ஈ மொய்த்து நான் பார்த்ததில்லை. பாறின் வயிற்று அமிலம் அவ்வளவு கடுமையானது. அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நோய்க்கிருமிகளின் பெரும்பகுதி அதன் வயிற்றிலேயே அழிந்துபோகும்.

எந்த நாளில் கடைசியாகப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. யாருக்கும் நினைவில்லை. நாற்பது ஐம்பது இறங்கிய இடத்தில் பத்து இறங்கியது. பத்து இறங்கிய இடத்தில் இரண்டு. நான் படிப்புக்காக ஊரை விட்டுப் போன ஆண்டுகளில் அது நடந்து முடிந்துவிட்டது. மலைமேல் அந்த ஜோடியின் வரவும் 1990-களின் இறுதியில் நின்றது. சில காலம் பாத்திரத்தோடு காத்திருந்தார்கள். அப்புறம் காத்திருப்பதும் நின்றது. விடுமுறைக்குப் போனபோது அத்தையிடம் விசாரித்தேன். “கலி முத்திப்போச்சுடா. நமக்குக் கொடுப்பினை இல்ல, அவங்க போய்ட்டாங்க” என்றாள். ஊரில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். நம்மிடம் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, அதனால்தான் அவர்கள் வருவதில்லை என்று எங்கள் ஊர் வருந்தியது. அந்த வருத்தம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பறவை காணாமல் போனதற்கு மனிதனே பொறுப்பு என்று அறிவியல் ஆதாரத்தோடு நிறுவுவதற்கு முன்பே அவர்கள் அதை உணர்ந்திருந்தார்கள்.

அதே காலத்தில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் வேறொரு வகையில் இந்த வெறுமையைச் சந்தித்துக்கொண்டிருந்தார். 1980-களில் அவர் எண்ணிவைத்த கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. மரக்கிளைகளில் பாறுகள் தலையைக் கீழே தொங்கவிட்டபடி நாட்கணக்கில் உட்கார்ந்திருந்து, பிறகு விழுந்து இறந்தன. ஏதோ வைரஸ் என்று முதலில் எண்ணினார்கள். இந்தியா முழுவதும் சாலைவழியாக நடத்திய கணக்கெடுப்புகள் காட்டிய வீழ்ச்சியை நம்புவதே கடினமாக இருந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரம் பறவை இருந்த வானத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறு 97 சதவீதம் போனது. பறவையியல் வரலாற்றில் இவ்வளவு பெரும் கூட்டம் இவ்வளவு குறுகிய காலத்தில் அழிந்ததற்கு வேறு உதாரணம் தேடித்தான் பார்க்கவேண்டும்.

விடை 2004-இல் கிடைத்தது. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞரும் அவரது குழுவும் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளுறுப்புகளின் மேல் வெண்மையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்திருந்தது. காரணம் டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாம் சாப்பிடுகிறோமே, அதே வலிநிவாரணி. 1990-களில் இதன் விலை இறங்கி, கால்நடைகளுக்கும் தாராளமாகப் போடத் தொடங்கினார்கள். மடிவீக்கம், கால்வீக்கம், காய்ச்சல், எதற்கும் அந்த ஊசிதான். மாடு பிழைத்தால் சரி. ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்துவிட்டால் மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு சில நாட்களில் இறந்துவிடும்.

இதில் என்னை இன்றும் உலுக்குவது ஒரு கணக்கு. எல்லா மாட்டிலும் மருந்து இருக்கவேண்டியதில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இருந்தாலே இந்த அழிவு நடந்துவிடும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏனென்றால் ஒரு சடலத்துக்கு ஐம்பது பறவை வருகிறது. அவற்றின் பலமே அவற்றுக்கு எதிராகத் திரும்பியது. ஒன்றின் கண்ணை ஒன்று நம்பி இறங்குகிற, கூடித் தின்கிற அந்தப் பழக்கம்தான் ஒரே மாட்டிலிருந்து ஒரு கூட்டத்துக்கே சாவைக் கொண்டுபோனது. மேலும் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு பருவத்துக்கு வர ஐந்து ஆண்டுகள்போல ஆகும். வேகமாகச் சாகிற, மெதுவாகப் பிறக்கிற இனத்துக்கு மீண்டெழ நேரமே இருப்பதில்லை.

பெரியப்பா சொன்ன கூலி கேட்காத வேலைக்காரர்கள் போனபின் அந்த வேலையை யார் செய்தார்கள்? நாய்களும் எலிகளும். அவற்றால் பாறின் வேகத்தில் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் அழுகும், தண்ணீரில் கலக்கும். நாய்கள் பெருகின, நாய்க்கடி பெருகியது, வெறிநோய்ச் சாவுகளும் கூடின. எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் மாவட்ட அளவிலான இறப்புக் கணக்குகளை ஒப்பிட்டு 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களில் அவை மறைந்தபின் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. உயிர்ப் பன்மையைக் காப்பது என்றால் புலிக்கும் யானைக்கும் காட்டில் இடம் ஒதுக்குவது என்றே பலரும் நினைக்கிறார்கள். எங்கள் ஏரிச் சரிவில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத, அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பறவைக் கூட்டம், சுற்றியிருந்த குடிகளின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது. அது போன பிறகுதான் அதன் மதிப்பு சவக்கணக்கில் தெரியவந்திருக்கிறது.

என் மகளை அந்த மலைக்கு அழைத்துப் போனேன். படியேறி, தரிசனம் முடித்து, பாறைப் பக்கம் நின்று, இங்கேதான் கழுகு வரும் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு அது சுந்தரருக்குப் பொன் கிடைத்த கதையைப்போல ஒரு தலக்கதை. வானம் வெறுமையாக இருப்பது அவளுக்குக் குறையாகவே தெரியவில்லை. அவள் பிறந்தபோதே அந்த வானம் அப்படித்தான் இருந்தது.

மீனியல் அறிஞர் டேனியல் பாலி 1995-இல் இதைப் பற்றித்தான் எழுதினார். ஒவ்வொரு தலைமுறை அறிஞர்களும் தாங்கள் வேலை தொடங்கிய நாளில் கடலில் இருந்த மீன்வளத்தையே முழுமையானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளக்கிறார்கள். அதற்கு முன்பே இழந்தது கணக்கிலேயே வருவதில்லை. இப்படி ஒப்பிட்டு அளக்கும் அடிக்கோடு தலைமுறைக்குத் தலைமுறை கீழே இறங்குகிறது. மலைமேல் மகளோடு நின்றபோது அந்த இறக்கம் எங்கள் இருவருக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது. நான் நாற்பது ஐம்பதிலிருந்து அளக்கிறேன். அவள் பூஜ்யத்திலிருந்து. என் பெரியப்பாவின் அப்பா இருந்திருந்தால் எந்த எண்ணிலிருந்து தொடங்கியிருப்பாரோ.

அதனால்தான் ஏக்கத்தை நான் பலவீனமாக நினைப்பதில்லை. இன்ன இடத்தில் இன்ன உயிர் இவ்வளவு இருந்தது என்று சொல்ல ஆள் இருக்கும்வரைதான் அடிக்கோடு நிற்கும். எங்கள் ஏரிக்கரையில் யாரும் பாறுகளை எண்ணவில்லை. அவை எக்காலத்துக்கும் இருக்கும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஏராளமாக இருந்ததாலேயே எழுதப்படாமல் போனது. எழுதப்படாத இடத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பதிவு எங்கள் தலைமுறையின் நினைவு. அதைச் சாட்சியாகச் சொல்லிவிட்டுப் போகவேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

பாறுகள் தமிழ்நாட்டை விட்டு முற்றாகப் போய்விடவில்லை என்பதை மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பார்த்தேன். நீலகிரியின் வடக்குச் சரிவுக்குக் கீழே, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடும் ஆறு. கரை நெடுக நீர்மருது மரங்கள். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இருளர் இளைஞர். ஆற்றுக்கு இக்கரையிலேயே நிறுத்திவிட்டார்; கூடு கட்டும் காலத்தில் மரத்தடிக்குப் போகக்கூடாது. “சார், பைனாகுலரை அந்த மருத மரத்து உச்சிக்கு ஏத்துங்க. இலை மேலெல்லாம் வெள்ளையா எச்சம் தெரியுதா? அதுக்கு மேல பாருங்க” என்றார். கண் பழக நேரம் பிடித்தது. முதலில் குச்சிகளின் அடுக்கு. பிறகு அதன் விளிம்பில் பச்சை இலைக்கொத்து. அதற்குப் பின்னால் சாம்பல் நிறப் பஞ்சுத் தலை ஒன்று அசைந்தது. குஞ்சு. தாயோ தகப்பனோ பக்கத்துக் கிளையில் வெயிலுக்கு இறக்கையை விரித்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஏரிச் சரிவு, பெரியப்பாவின் குரல், சாக்கோடு வரும் எலும்புக்காரர்கள் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. காவலர் அதைக் கவனித்திருக்க வேண்டும். “உங்க ஊர்ல இருந்துச்சா சார்?” என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன்.

இங்கே ஏன் தப்பின என்பதற்குப் பதில் எளிது. இங்கே அவற்றின் உணவில் பெரும்பகுதி காட்டு விலங்கு. புலியும் சிறுத்தையும் செந்நாயும் அடித்துத் தின்றது போக மீதி. மானுக்கும் காட்டெருமைக்கும் யாரும் ஊசி போடுவதில்லை. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கு இனங்களும் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன. முதல் மூன்றும் அழிவின் விளிம்பில் இருப்பவை என்று உலகச் செம்பட்டியல் சொல்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 2023 டிசம்பரில் எண்ணப்பட்டவை 320. மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து. என் சிறுவயதில் ஏழெட்டு மாட்டைச் சுற்றி அத்தனை இருந்திருக்கும்.

இந்த 320-ஐ மாயாற்றங்கரையில் மட்டும் வைத்துக் காக்க முடியாது. பாறு ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் பறக்கும். அதற்கு வனத்துறை எல்லைக்கல் தெரியாது. அது இறங்கும் கிராமத்தில், செத்த மாட்டில் எந்த மருந்து இருக்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

நச்சு மருந்துகளுக்கு எதிரான போராட்டம் மெதுவாக, ஆனால் உறுதியாக நகர்ந்திருக்கிறது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-இல் மனித மருந்துப் புட்டி 3 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆணை வந்தது. மாட்டுக்கு ஒரு வேளைக்கே அதைப்போல் பல புட்டி தேவைப்படும், கட்டுப்படியாகாது. மருந்து நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். கீட்டோபுரோஃபெனும் பாறுக்கு நஞ்சு. இரண்டையும் 2023-இல் தடைசெய்தார்கள். அடுத்து 2024 இறுதியில் நிமெசுலைடு. தமிழ்நாடு அரசு பாறுகளுக்கென்றே 2022-இல் மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் ஆய்வகத்தில் உழைத்தவர்களும், கிராமம் கிராமமாக மருந்துக் கடை ஏறி இறங்கியவர்களும், நீதிமன்றப் படியேறியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

மாற்று மருந்து இல்லாமலும் இல்லை. மெலாக்சிகாம் பாறுக்குத் தீங்கற்றது என்று 2006 வாக்கிலேயே சோதித்து உறுதிசெய்தார்கள். பிறகு டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படியே. மாட்டின் வலியும் தீரும்; பறவையும் பிழைக்கும். நேபாளம் இதைச் செய்துகாட்டியது. அங்கே நவல்பராசிப் பகுதியில் ஊர்மக்களே கூடி, வயதான மாடுகளைப் பேணி, மருந்து கலக்காத அவற்றின் உடலைச் செத்தபின் பாறுகளுக்குப் படைக்கிறார்கள். அந்த இடத்துக்கு ஜடாயு உணவகம் என்று பெயர். டைக்ளோஃபெனாக் அங்கே கடைகளிலிருந்து மறைந்தபின் வெண்முதுகுப் பாறின் எண்ணிக்கை சரிவதை நிறுத்தி மெல்ல ஏறத் தொடங்கியது. நேபாள உழவரால் முடிந்தது நம் உழவரால் முடியாதா?

ஜடாயு நமக்கு அந்நியர் அல்லர். வைத்தீஸ்வரன்கோயிலில் ஜடாயு குண்டத்துச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். காஞ்சிக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில், அந்தப் பறவைக்கு மகனைப்போல ஈமக்கடன் செய்தவராகப் பெருமாளைக் கும்பிடுகிறோம். திருக்கழுக்குன்றத்தில் ஊரின் பெயரிலேயே கழுகை வைத்திருக்கிறோம். ஒரு பிணந்தின்னிப் பறவைக்கு இவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்த மரபு நம்முடையது. அந்த மரியாதை கல்லுக்கும் கதைக்கும் மட்டும் என்று ஆகிவிட்டால் மரபுக்கு என்ன பொருள்?

எங்கள் மலைக்கு அந்த ஜோடி திரும்ப வருமா என்று கேட்பவர்களுக்கு ஆசை வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை. வேறொரு ஜோடியைப் பிடித்து வந்து பாறையில் விட்டு உச்சிவேளை பூசையை மீட்டுவிடலாம் என்று நான் நினைக்கவும் இல்லை. பாறு வாழவேண்டுமானால் சுற்றிலும் நஞ்சில்லாத உணவு வேண்டும், கூடு கட்டப் பாறை இடுக்கும் பழைய மரமும் வேண்டும், செத்ததைத் தின்ன வரும்போது கல்லெறியாத மனிதர்களும் வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்போது ஏரிகள் மனைகளாகிவிட்டன; மாட்டைக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள். அதையெல்லாம் மாற்றுவது ஒரு தலைமுறை வேலை அல்ல. மாயாற்றில் இருப்பவற்றைக் காப்பது இந்தத் தலைமுறையின் வேலை. அந்த 320 அறுநூறாகி, அறுநூறு ஆயிரமாகி, சத்தியமங்கலம் தாண்டிச் சமவெளியில் இறங்கினால்தான் மற்ற ஊர்களைப் பற்றிப் பேசவே முடியும்.

ஆகவே ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை பிள்ளைகளின் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறேன். “போன தடவை மாட்டுக்குக் காய்ச்சல் வந்தப்ப என்ன ஊசி போட்டாங்க?” என்று கேட்கிறேன். புட்டியை வாங்கிப் பெயரைப் படிக்கிறேன். அடுத்த முறை மெலாக்சிகாம் கேளுங்கள் என்கிறேன். மாயாற்றுக் காடுகளை ஒட்டிய கூடலூரிலும் மசினகுடியிலும் தாளவாடியிலும் மாடு வைத்திருப்பவர்களுக்கு உறவினர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். என்னைப்போலவே ஊரை நினைத்து ஏங்குகிறவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இந்த ஒரு கேள்வியைத் தொலைபேசியில் கேட்டுவிடலாம். கால்நடை மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெரியப்பாவின் வேலைக்காரர்கள் இன்றைக்கும் கூலி கேட்கவில்லை. நஞ்சில்லாத சோறு மட்டும் கேட்கிறார்கள். அதைக் கொடுக்க நம்மால் முடியும், கொடுப்போம்.